நெரிடாவும் நானூற்று இருபத்தொன்பது கோடி டோக்கன்களும்

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களில் கோப்பு எண்களைப் பற்றி அதிகம் அறிந்தவர் நெரிடா க்வில்டிதான். கடவுளுக்கே கணினியில் சந்தேகம் வந்தால் எங்கள் ஊர் வின்யார்டுக்குத்தான் போன் போடுவார். அதுவும் நெரிடா ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பிய பிறகு.

எங்கள் வானொலியின் செய்திமடலுக்கு உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மரியாதை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருக்கட்டும்.

நெரிடாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பால் ஆலையில் மாதிரி எடுத்துச் சோதிப்பது வேலை. சாயங்காலம் கம்பளிச் சாக்ஸோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து கணினியை அடியிலிருந்து இயக்கும் லினக்ஸ் கெர்னல் என்ற நிரலுக்குத் திருத்தங்கள் எழுதுவார். சம்பளம் கிடையாது. அந்த வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்துகொண்டு ஒரே மின்னஞ்சல் பட்டியலில் சண்டை போடுவார்கள். நெரிடா பதினோரு வருடமாகப் போடுவது ஒரே சண்டை.

கோப்புக்குப் பெயர் நமக்காகத்தான். கெர்னலுக்கு எண் போதும். வட்டில் உள்ள கோப்புக்கு அது கிடக்கும் இடத்தை ஒட்டி எண் அமையும். நினைவகத்தில் மட்டும் வாழ்கிற கோப்புக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதனால் கெர்னல் கறிக்கடை டோக்கன் மாதிரி ஒன்று, இரண்டு என்று கிழித்துக் கொடுக்கிறது. நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சத்தில் சுருள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. பழைய டோக்கனோடு யாராவது இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஒரு நாள் ரெண்டு பேர் ஒரே நம்பரோட எந்திரிப்பாங்க, பாரு," என்பார் நெரிடா.

"அத்தனை கோடியை யாரும்மா ஓட்டப்போறா?" என்று பட்டியலில் சிரிப்பார்கள்.

நான் ஓட்டினேன்.

நிலையத்துக் கணினியில், கெர்னலிடம் டோக்கன் வாங்கி உடனே கசக்கி எறிகிற நாலு வரி நிரல். ஆறு மதியச் சாப்பாட்டு வேளை. சனிக்கிழமை சுருள் தீர்ந்து திரும்பி வந்தது. நினைவகத்தில் கிடந்த, பூசணி ஸ்கோன் என்கிற பன் செய்யும் சமையல் நிகழ்ச்சிப் பதிவின் எண்ணுக்கு ஒன்று முன்னால் நிறுத்தினேன். அடுத்துப் பிறந்த கோப்பு அன்றைய கால்பந்து ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி வர்ணனை. ஒரே எண், இரண்டு கோப்பு! நெரிடாவுக்குக் காட்டி அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

ஆனால் நினைவகத்தில் உள்ள பதிவுகளை வட்டுக்கு நகலெடுக்க ஐந்து மணிக்கு ஓடும் நிரலை நான் மறந்துவிட்டேன். எண் ஒன்றென்றால் கோப்பும் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு என்று அது முடிவு செய்தது. இரண்டு பெயரிலும் ஸ்கோனையே எழுதி வைத்துவிட்டு நினைவகத்தைத் துடைத்தது.

ஞாயிறு மறுஒலிபரப்பில் அந்த நாலாவது கால் பகுதி தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்மணி வெண்ணெயைப் பிசைந்தார். வர்ணனை சொன்ன நெவ் நிலையத்துக்கு வந்து, "என் பையன் ஆயுசுலயே போட்ட ஒரே கோல் அதுல இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

நெரிடா இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். "பாத்தியா கண்ணு! பதினோரு வருஷம்! தானாவே நடந்திருக்கு! பட்டியலுக்கு எழுதிடறேன்!"

எழுதினால் அவர்கள் தோண்டுவார்கள். தோண்டினால் என் நாலு வரி கிடைக்கும். அதற்கப்புறம் நெரிடா என்ன சொன்னாலும் "ஸ்கோன் அம்மா" என்பார்கள். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாள் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளி வைத்தேன். இரண்டாம் நாள் நாயைக் குளிப்பாட்டினேன்.

மூன்றாம் நாள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாரு."

"நானா? நான் பத்தாவதோட நின்னவ."

"அதனாலதான். உனக்கே புரிஞ்சா அவங்களுக்கும் புரியும்."

படித்தேன். 'இது தானாக நடக்கவில்லை' என்று தொடங்கியது. 'ஒருவர் ஆறு மதிய வேளையில் வேண்டுமென்றே ஓட்டினார். அவரால் முடிந்தது கெட்ட எண்ணம் உள்ளவராலும் முடியும். ஆகவே டோக்கன் சுருளை நீளமாக்குவோம்.' கீழே, திருத்தத்துக்கு உதவியவர்களைக் குறிக்கும் வழக்கமான இடத்தில்: 'ஓட்டிச் சோதித்தவர்: ப்ரையனி ஸ்வெயின்.'

அது என் பெயர். காது வரை சுட்டது. "நெரிடா, நான்..."

"நிலையத்துக் கம்ப்யூட்டர் மணிக்கொரு தடவை கடைசி நம்பரைக் குறிச்சு வைக்கும். தெரியாதா உனக்கு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பன்னெண்டுலருந்து ஒண்ணு வரைக்கும் மட்டும் பாய்ஞ்சிருக்கு. புதன்கிழமை மட்டும் அசையவே இல்ல."

மடிக்கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

"நெவ் வீட்டுக்கு இப்பவே போவோம், கோட்டைப் போட்டுக்கோ," என்றார். "ஆமா, புதன்கிழமை பல் டாக்டர்கிட்ட போனியே, பல்லு எப்படி இருக்கு?"