என் நிழல் பட்டு மூழ்கிய படகு

நேற்று சாயங்காலம் கெலுகோர் கரையில் எங்கள் பாய்மரப் படகு மூழ்கியது.

நடுக்கடலில் இல்லை. முழங்கால் தண்ணீரில்!

பழி என் மேல் விழுந்தது.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனவள் இல்லை. ஆனால் யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. (சொந்தக்காரர்கள் என்னிடம் அளந்து பேசுவது அதனால்தான்.)

சின்னப் படகு அது. நாலு பேர் நெருக்கி உட்காரலாம். என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரத் துரையின் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். துரை தன் ஊருக்குக் கப்பல் ஏறும்போது அதை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு இவர் என்னிடம் சொன்னார்: "ஒன்னை இதுல ஒக்கார வச்சு, நம்ம வீட்டைக் கடல்லேர்ந்து காட்டுறேன் பாரு."

காட்டவில்லை. காய்ச்சலில் போய்விட்டார்.

படகு கரையில் குப்புறக் கிடந்து வெயிலில் காய்ந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

கருமாதிக்குப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் கொழுந்தனார் வந்திருந்தார். பந்தியில் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணி, அந்தப் படகைப் பொளந்து அடுப்புல வைங்க. வெறகாவது மிஞ்சும்."

பாதி வடை வாயில் இருந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் அடுப்பில் வைக்கவில்லை. என் மகன் வேலுவும் நானும் சேர்ந்து அதைச் சரி பண்ணினோம்.

பழைய பெயிண்டைச் சுரண்டியதும், உளுத்த பலகையை மாற்றியதும், புதுச் சுக்கான் செய்ததும் அவன். பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடைப்பது என் வேலை. விளக்குத் திரி திரிப்பது போலத் தொடையில் வைத்துத் திரித்து, எண்ணெயில் நனைத்து, உளியை வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினேன். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். சோற்றைப் பிசைந்தாலும் அந்த வாசனைதான்.

துரை காலத்தில் இல்லாத ஒன்றையும் வேலு சேர்த்தான். பின்பக்கம் சாய்ந்து உட்கார ஒரு பலகை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நேற்று படகைத் தண்ணீரில் இறக்கும் நாள். கொழுந்தனார் ரயிலும் ஃபெரியும் ஏறி, கஞ்சி போட்ட சட்டையோடு வந்தார். குடும்பத்தில் மூத்த ஆண். தேங்காய் உடைப்பது அவர்தான்.

தேங்காயைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மொதமொதல்ல எறக்குறோம். தாலி அறுத்தவங்க நெழல் படகு மேல படக்கூடாது. அந்த மரத்துக்குப் பின்னால நில்லுங்க."

"சித்தப்பா..." என்று வேலு ஆரம்பித்தான். நான் கண்ணைக் காட்டினேன். நல்ல நாளில் சண்டை எதற்கு? நகர்ந்து நின்றேன்.

அந்தப் படகில் என் கை படாத இடுக்கு ஒன்று இல்லை. நிழல் மட்டும் படக்கூடாதாம்!

தேங்காய் உடைந்தது. படகைத் தள்ளினார்கள். எல்லா இடுக்கிலும் தண்ணீர் புகுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு மணலில் உட்கார்ந்துவிட்டது.

"நான் சொல்லல? பின்னால நில்லுங்கன்னா, எட்டிப் பாத்தாங்க! இனிமே இது ஆவாது வேலு. வெறகுக்காரன்கிட்ட குடுத்துடு." கொழுந்தனார் கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

(ஆமாம், எட்டிப் பார்த்தேன். என் படகு!)

இடுப்பளவு நனைந்த வேலு நிதானமாகக் கேட்டான்: "சித்தப்பா, நீங்க தொங்காங்குல எத்தன வருசம் வேல செஞ்சீங்க?"

"ஒன் வயசுக்கு மேலடா!"

"காஞ்ச மரம் மொத நாளு ஒழுகாம பாத்திருக்கீங்களா?"

அவர் உடைந்த தேங்காய் மூடியைப் பொறுக்கக் குனிந்தார்.

"தண்ணி குடிக்கட்டும். ராத்திரி பூரா ஊறுனா பலகை தானா உப்பி மூடிக்கும்லா" என்றான் வேலு.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் தொங்காங்குப் படகிலேயே தலை நரைத்த மனிதர் அவர். அவருக்குத் தெரியாததா? தெரிந்தே என் நிழலைச் சொன்னார். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். (சரி, பாதி மன்னித்திருப்பேன்.)

எனக்கும் தெரியும், காய்ந்த மரம் ஒழுகும் என்று. இருந்தும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தபோது, மணலில் நீண்டு கிடந்த என் நிழலை நானே ஒரு தடவை குனிந்து பார்த்தேன்.

அதைத்தான் நான் மறக்கமாட்டேன்.

இன்று காலை வேலு மண்ணெண்ணெய் டின்னால் தண்ணீரை இறைத்தான். புதுத் தண்ணீர் வரவில்லை! இடுக்கைத் தடவினேன். பலகை உப்பிப் பஞ்சைக் கவ்விக்கொண்டிருந்தது. படகு மெல்ல எழும்பி ஆடியது.

"அம்மா, மொதல்ல நீங்க ஏறுங்க."

"டேய், மொத காலு..." ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட கொழுந்தனார் பதறினார்.

"ஒழுகுனது அம்மாவாலன்னா, நின்னதும் அம்மாவாலதான், சித்தப்பா."

ஏறினேன். அந்தச் சாய்வுப் பலகையில் உட்கார்ந்தேன்.

கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "அண்ணி, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. நானும் ஒரு ரவுண்டு வர்றேன்."

"வேணாம் தம்பி. ஒங்க காலு நல்ல காலு. அது கரையிலயே இருக்கட்டும்."

வேலு பாயை ஏற்றினான். கரை சின்னதாகிக்கொண்டே போனது.

"நம்ம வீடு தெரியுதாம்மா?"

எல்லாம் ஒரே மாதிரி அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரே மாதிரி தென்னை. தேடினேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைச் சேலை தெரிந்தது. அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

"தெரியுதுப்பா" என்றேன்.

அடுத்த தடவை கொழுந்தனாரையும் ஏற்றிக்கொள்ளலாமே என்கிறாள் வேலுவின் பெண்சாதி, என் மருமகள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(நான் முடிவு பண்ணியாயிற்று. சும்மா கேட்டேன்.)