ஒன்றரை முழம் ரப்பர்

போன வாரம் மாமல்லபுரம் போகிற பேருந்தில் என் ஜன்னல் விசிலடித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது புதிதில்லை. கண்ணாடியோரம் ஒரு நூல் இடைவெளி இருந்தால் போதும், கடல் காற்று வாயை வைத்து ஊத ஆரம்பித்துவிடும். பக்கத்தில் ஒருவர் மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தூக்கம் வந்தது, விசில் விடவில்லை. கையிலிருந்த செய்தித்தாளைக் கிழித்துக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் திணித்தார். நிற்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கீழ இல்லண்ணே. மேல, பின்பக்க மூலையில வெச்சுப் பாருங்க."

தன் பேருந்துச் சீட்டை நாலாக மடித்து அங்கே செருகினார். சட்டென்று நின்றது.

"இன்னா காதுப்பா உனக்கு! மெக்கானிக்கா?"

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தேன். என் கையெழுத்தைத் திட்டினாலும் தாங்கிக்கொள்வேன், சமையலைத் திட்டினாலும் தாங்கிக்கொள்வேன். காதைப் புகழ்ந்தால் மட்டும் உடம்பு கூசும்.

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு செய்யூர்ப் பக்கம் சவுக்கு ஏற்றினேன், வேர்க்கடலை பறித்தேன். வேடந்தாங்கலில் பறவை வரும் மாதங்களில் இளநீர் விற்றேன். பறவை போனதும் நானும் போய்விடுவேன். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். இதையெல்லாம் பெருமைக்காகவோ இரக்கத்துக்காகவோ சொல்லவில்லை, இருந்தது இப்படித்தான். எங்கேயும் ஒரு வருஷம் நின்றதில்லை. நின்ற ஒரே இடம் திருவிடந்தையில் கரீம் பாயின் கார் பட்டறை. அங்கே ஒரு வருஷமும் இரண்டு மாதமும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

அந்தப் பட்டறையின் வாசனை முகப்பவுடர் வாசனை. சிரிக்காதீர்கள். கதவு ரப்பர் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்கப் பவுடர் தடவுவோம். பெரிய டப்பா ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். இன்றைக்கும் பேருந்தில் பவுடர் போட்ட பெண் யாராவது ஏறினால் எனக்குக் கார்க்கதவுதான் ஞாபகத்துக்கு வரும். என் கல்யாணம் நடக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாய் இன்ஜின் தொடமாட்டார். கண்ணாடி, கதவு, ரப்பர், மழைநீர் ஒழுகல், காற்றுச் சத்தம், இவ்வளவுதான் அவர் வேலை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த மூலை என்று சொல்லிவிடுவேன். பட்டறையில் என் பெயரே காது. "டேய் காது, டீ சொல்லிட்டு வாடா" என்பார்கள். படிப்பில்லாதவனுக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

எங்களிடம் கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பேருந்துச் சீட்டுதான் கருவி. அப்போதைய சீட்டு கொஞ்சம் முரட்டுத்தாள். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சீட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று புகும். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் நல்ல ரப்பர். பாய் என் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பழைய சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரு சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை, சிவப்பாக ஒரு கார் வந்து நின்றது. இரண்டே கதவு, துணிக் கூரை. வேண்டுமென்றால் கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கன்வர்ட்டிபிள் என்பார்கள், நாங்கள் ஓப்பன் கார் என்போம். ஓட்டிவந்தவர் கடலோரத்து வீடொன்றில் தனியாக இருக்கும் அம்மா. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இறந்துபோன கணவர் ஆசையாக வாங்கிய கார் அது.

"கூரையை மூடினாலும் ஊளையிடுது தம்பி" என்றார். காதில் இருந்த சின்ன மெஷினைத் தொட்டுக் காட்டினார். "இது இருக்கே, காத்தைத்தான் பெரிசு பண்ணும், பேச்சைப் பண்ணாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் பையன் வரான். நாலு வருஷம் ஆச்சு. ஏர்போர்ட்லேர்ந்து வீடு வர ஒன்றரை மணி நேரம். அவன் பேசறது எனக்குக் கேக்கணும்."

"வேற வண்டியில போலாமேம்மா" என்றார் பாய்.

"அவங்கப்பா வண்டியிலதான் அவன் வரணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். கொஞ்சம் பந்தாவாகத்தான்.

மற்ற காரில் கண்ணாடியைச் சுற்றிலும் இரும்புச் சட்டம் இருக்கும். இந்தக் காரில் சட்டம் கிடையாது. கண்ணாடி நேராக மேலே போய்த் துணிக் கூரையின் ரப்பரில் முட்ட வேண்டும். அந்த ரப்பர் உப்புக் காற்றிலும் வெயிலிலும் காய்ந்து அப்பளமாகிவிட்டால் அவ்வளவுதான். எல்லா இணைப்பின் மேலும் டேப் ஒட்டினோம். பாய் வடநெம்மேலி வரைக்கும் ஓட்டினார், சத்தமில்லை. பிறகு ஒவ்வொரு சாணாகப் பிரித்துப் பிரித்து ஓட்டிப் பார்த்தோம். ஆறாவது சாணில் விசில். ஓட்டுகிறவர் பக்கம், மேலே பின் மூலை.

சனிக்கிழமை முழுக்கக் கண்ணாடியை இரண்டு நூல் உயர்த்தினோம், பசை தடவினோம், பவுடர் போட்டோம். சைக்கிள் ட்யூபை அறுத்து வைத்தோம். விசில் போய் ஆந்தை வந்தது. ஸ்பாஞ்சு வைத்தோம், ஆந்தைக்கு ஜலதோஷம் பிடித்தது. கம்பெனி ரப்பர் கப்பலில் வர இரண்டு மாதம் ஆகுமாம்.

ஞாயிறு காலை பாய் கையைத் துடைத்தார். "பிரிட்ஜு கதவு ரப்பர் ஒண்ணு கெடச்சா போதும்டா. உள்ள பொந்தா, மெத்துனு கீதுல்ல, அதான் இதுக்குத் தோது. இன்னிக்கி எவன் கட தெறந்து வெச்சிகினு கீறான்? வுடு, அம்மாகிட்ட முடியலனு சொல்லிடலாம்."

முடியவில்லை என்று சொல்வதா? காது?

"என்கிட்ட ஒண்ணு கீது பாய்" என்றேன்.

என்னிடம் இல்லை. மெர்சி அக்காவிடம் இருந்தது.

மெர்சி அக்கா வீட்டின் பின்பக்க அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அவர் கணவர் டேனியல் அண்ணன் ஒரு ரிசார்ட்டில் காவல்காரர். அந்த ரிசார்ட்டில் கழித்துப்போட்ட பிரிட்ஜை மீன் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, என் அறைக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வைத்திருந்தார். துரு, ஒரு பக்கம் நெளிசல், கைப்பிடி இருந்த இடத்தில் கயிறு. யாராவது புதிதாகப் பார்த்தால் குப்பை என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது பொய். எனக்குத் தெரியும்.

அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். பிரிட்ஜு உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். சீட்டுதான் கிழிந்தது, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அவ்வளவு நல்ல ரப்பர். கதவைத் திறந்தேன். நேற்றைய மீன் குழம்பு, நாலு தக்காளி. கதவுத் தட்டில், பஞ்சு வைத்த ஜாம் பாட்டிலுக்குள் இரண்டு சின்னக் குப்பி. டேனியல் அண்ணனின் சர்க்கரை ஊசி மருந்து. தினமும் காலையில் வயிற்றில் குத்திக்கொண்டு, "நான் இனிப்பான ஆளுப்பா, அதான் எறும்பு கடிக்குது" என்பார்.

கீழ்ப்பக்கம்தானே, நாளைக்கே வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிளேடால் ஒன்றரை முழம் அறுத்தேன். குப்பி கீழே விழுந்துவிடப்போகிறதே என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே அறுத்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு அக்கறை.

உள்ளேயிருந்த காந்தப் பட்டையை உருவிவிட்டு மூலையில் ஒட்டிப் பவுடர் போட்டோம். பாய் சாலையில் பறந்தார். ஒரு சத்தமில்லை. பாய் சுவாசிப்பதுகூட எனக்குக் கேட்டது. அந்த அம்மா உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "காத்து எங்க போச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். என் கறுப்புக் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். "நிறுத்தவே இல்ல தம்பி, வழி பூரா பேசினான். இவ்வளவு பேசுவான்னு எனக்கே தெரியாது" என்றார். நான் பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் இரண்டு மூன்று நாள் மிதந்தேன். புதிதாக இரண்டு கார் வேறு வந்தது. ரப்பர் வாங்கப் போகவில்லை.

வியாழக்கிழமை மெர்சி அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, இத்த பாரேன். பாழாப்போன எலி கடிச்சி இஸ்துகினு பூட்ச்சி. கீழ ஒரே தண்ணி. உனக்குத்தான் ரப்பர் வேல தெரியுமே, கொஞ்சம் பாத்துக் குடேன்."

பிளேடு போட்ட வெட்டு அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தது. அவ்வளவு நேராகக் கடிக்கிற எலி இந்த உலகத்தில் கிடையாது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். வீட்டில் இருக்கிறவன்மேல் சந்தேகப்படத் தெரியாத மனுஷி.

"பாத்துத் தரேன்க்கா."

காரில் தோற்றுப்போன அதே சைக்கிள் ட்யூபைக் கொண்டுவந்து ஒட்டிக்கொடுத்தேன். ஒழுங்காகச் சாத்தாது என்று தெரிந்தே ஒட்டினேன். அக்கா ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்பு கொடுத்தார். தின்றேன். இன்னொரு முறை கேட்டு வாங்கியும் தின்றேன். சாயங்காலம் டேனியல் அண்ணன் எலிப்பொறியில் மசால்வடை வைத்துவிட்டு, "வட எனக்கே ஆகாது, இவனுக்குக் கொடுக்குறேன் பாரு மச்சான்" என்று என்னிடம் சிரித்தார்.

ஒரு வாரம் பிரிட்ஜு ஓயாமல் ஓடியது. ராத்திரி பகலாக அது மூச்சு வாங்குவது என் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். எந்த மூலையில் காற்று போகிறது என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. ஒரு நாள் மத்தியானம் நின்றுவிட்டது. அக்கா குப்பிகளை மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்தார். கத்திரி வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அண்ணன் அந்த மருந்தைத்தான் குத்திக்கொண்டிருந்தார். காலில் கிளிஞ்சல் கிழித்த புண் ஒன்று முன்பே இருந்தது. அது பழுத்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

மருந்து கெட்டதாலா, புண் முற்றிப்போயிருந்ததாலா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

பார்க்கப் போனேன். ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனேன். சாத்துக்குடி ஆகாது என்று அக்கா எனக்கே உரித்துக் கொடுத்தார். பேருந்தில் போகும்போது சொல்ல வேண்டியதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அண்ணன் கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு வெரலு பூட்ச்சி மச்சான். இனிமே செருப்பு மெதுவாத்தான் தேயும்."

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேய், நீ ஏன்டா இப்டி கீற? எலி பண்ண வேலைக்கி நீ இன்னா பண்ணுவ?" என்றார்.

வாயைத் திறந்தேன். அக்கா சாத்துக்குடிச் சுளையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஆமாண்ணே, எலிதான்" என்றேன்.

அறுத்ததைக்கூட ஏதோ புத்தி கெட்ட வேலை என்று சொல்லிச் சமாளிக்கலாம். இதை எப்படிச் சமாளிப்பது? சுளையை வாங்கித் தின்றேன். புளிப்பு. நாலாம் நாள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு செய்யூர் போய்ச் சவுக்கு ஏற்றினேன். பாயிடம் மட்டும் சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. என்றைக்காவது வருவேன் என்று அறையைப் பெருக்கி வைத்திருந்தாராம். பாய் ஒருமுறை போனில் சொன்னார். அதற்குப் பிறகு பாயின் போனையும் எடுக்காமல் விட்டேன்.

போன வாரம் எனக்குச் சீட்டு மாமல்லபுரம் வரைக்கும் இருந்தது. ஆனால் திருவிடந்தையில் இறங்கிவிட்டேன். பலாப்பழக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சீட்டு மூலையில் இறுகி நின்றது.

சாலை அகலமாகிவிட்டது. பட்டறை இருந்த இடத்தில் தரைக்கல் விற்கிறார்கள். அக்கா வீடு இருந்த சந்து எது என்று கண்டுபிடிக்கவே நேரமானது. வீடும் இல்லை, அடுத்த வீடும் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரு காபிக்கடை, முழுக்கக் கண்ணாடி, உள்ளே குளிர். கல்லாவில் ஒரு பெண்.

"இங்க ஒரு வூடு இருந்திச்சும்மா. டேனியல்னு, கால்ல ரெண்டு வெரலு இருக்காது."

"தெரியலண்ணா. நான் செய்யூரு. வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது."

என் அறை இருந்திருக்க வேண்டிய பக்கத்தில் ஆளுயரத்தில் ஒரு பிரிட்ஜு. ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்தேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இப்போதைய சீட்டு மெஷினில் வருகிற மெல்லிய தாள், எழுத்துகூட ஒரு வாரத்தில் மறைந்துவிடும். கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"கதவு சரியா மூட மாட்டேங்குதும்மா" என்றேன்.

"அது அப்டித்தான்ணா கீது. ஓனரு கண்டுக்க மாட்டாரு. எலி கிலி கடிச்சிருக்கும்."

அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கீழ்ப்பக்க ரப்பரைப் பார்த்தேன். ஓர் இடத்தில் மடங்கியிருந்தது. விரலால் நீவி நேராக்கி, கதவைத் தோளால் ஒரு தடவை அழுத்திச் சாத்தினேன். மறுபடி சீட்டை வைக்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன்.

"எலி இல்லம்மா" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.