வடையோடு தேநீர் வரும்

யார் மீதும் எனக்குப் பொறாமை வந்ததில்லை என்று சொல்லித் திரிகிறவன் நான். கேட்பவர்களும் நம்பிவிடுவார்கள். அது சுத்தப் பொய். மூங்கில்துறைப்பட்டில் தமிழாசிரியராக இருந்த காலத்தில் ஒரு மனிதனை நினைத்து வயிறு எரிந்து கிடந்திருக்கிறேன். அவன் என் நிலத்தை அபகரிக்கவில்லை, என் வேலைக்கு உலை வைக்கவில்லை. வெண்பா எழுதினான், அவ்வளவுதான்.

சர்க்கரை ஆலை கேட்டுக்கு எதிரே ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். வடை போடுவதில் கெட்டிக்காரர். பள்ளியில் படித்த நாளிலிருந்தே அவருக்கு வெண்பா மீது ஒரு பைத்தியம் இருந்தது. கடைச் சுவரில் கரும்பலகை ஒன்றை மாட்டி வைத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் அதில் ஒரு வெண்பாவின் கடைசி அடியை மட்டும் சாக்பீஸால் எழுதுவார். "சுக்குமல்லிக் காப்பி சுகம்" என்று ஒரு வாரம் இருக்கும். "பஜ்ஜிக்கு ஏங்கும் பசி" என்று இன்னொரு வாரம் இருக்கும். மேலே உள்ள மூன்று அடிகளையும் நாம் கட்டி, அந்த ஈற்றடியில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். வந்த பாட்டுகளை எல்லாரும் படிக்கும்படி அதே பலகையில் எழுதி வைப்பார். தீனியைத் தவிர வேறு எதையும் பாட அவர் பொருள் தந்ததில்லை.

யார் ஜெயித்தார் என்று பார்க்க பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடுவார். பாட்டெழுதியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. டீ குடிக்க வந்தவர்களில் யாராவது ஒருவர், பார்க்காமல், தடுமாறாமல், நாலு அடியையும் சொல்ல வேண்டும். யாருடைய பாட்டு அடுத்தவன் வாயில் நிற்கிறதோ, அது மறுவாரம் முழுக்கப் பலகையில் நிற்கும். பாட்டுக்காரருக்கு முதல் ஈடு மசால்வடை ஒரு தட்டு.

இரண்டு வருடம் அந்தத் தட்டை நான் யாருக்கும் விட்டதில்லை. எப்போதாவது போஸ்ட்மாஸ்டர் எதிர்த்து நிற்பார், இரண்டாம் அடியிலேயே அவருக்குத் தளை தட்டிவிடும். நான் புலவர் பட்டம் படித்தவன், எனக்குத் தட்டாது. டீ ஆற்றிக்கொண்டே பாய் என்னைப் பார்த்து, "வாங்க கவிராயரே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பள்ளி விட்டதும் சைக்கிளை நேரே அங்கே விட்டேன்.

மூன்றாம் வருடம் ஆலையில் கரும்பு அரவை தொடங்கியபோது அவன் வந்து சேர்ந்தான். ஆலையின் எடைமேடையில் குமாஸ்தா வேலை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஏதோ ஒரு ஊர்க்காரன், எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ஒல்லியான ஆள், பேச்சும் கம்மி. முதல் வாரமே சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் நாலு அடி எழுதிப் பாயிடம் கொடுத்தான். அந்தச் சனிக்கிழமை அவன் பாட்டைச் சொல்ல மூன்று பேர் கை தூக்கினார்கள். என் பாட்டுக்கு ஒரு கைகூட எழவில்லை.

"எங்க கத்துக்கினே?" என்று பாய் அவனைக் கேட்டார்.

"எட்டாவதுல ஒரு சார் சொல்லிக் குடுத்தாருங்க. அப்புறம் நாள் பூரா வண்டி நம்பர் கூப்புட்டுக்கினே இருக்கேனா, அந்தத் தாளத்துலயே வந்துடுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வருடக்கணக்கில் கண் விழித்துப் படித்தது இவனுக்கு வண்டி நம்பரில் வந்துவிடுகிறதாம்! அதற்குப் பிறகு அவனிடம் எதைப் பார்த்தாலும் எனக்கு ஆகவில்லை. அவன் டீயை உறிஞ்சும் சத்தம் ஆகவில்லை. அவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று "வணக்கங்க சார்" என்பது அதைவிட ஆகவில்லை. மரியாதை இல்லாதவனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை பாய் எழுதிய ஈற்றடி, "வடையோடு தேநீர் வரும்." இந்த முறை விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் இழைத்து, தனிச்சொல்லும் எதுகையுமாகச் சுத்தமான நேரிசை வெண்பா ஒன்றைச் செய்தேன்.

கொதிக்கின்ற நீரில் கொழுந்தினை இட்டு
மதிக்கின்ற பாலும் மருவத் – துதிக்கும்
படைகண்ட வேந்தர்போல் பல்லோரும் கூடின்
வடையோடு தேநீர் வரும்.

பாய் அதைப் பலகையில் எழுதிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரி வாத்தியாரே, ராஜா இன்னாத்துக்கு நம்ம கடைக்கு வர்றாரு?"

எதுகைக்கு வந்தார் என்று எப்படிச் சொல்வேன்? சிரித்து மழுப்பினேன். அதற்குப் பக்கத்தில் அவனுடையதை எழுதினார்.

கரும்பேற்றி வந்துநின்றோம் காலையிலே, மாடும்
துரும்பாய் இளைத்தாச்சு, தூங்காதே தம்பி,
எடைபோட்டு வண்டி இறங்கினால் போதும்,
வடையோடு தேநீர் வரும்.

படித்ததும் என் முகம் செத்துப்போயிற்று. "இளைத்தாச்சு" என்பதெல்லாம் ஒரு சொல்லா? தனிச்சொல்கூட இல்லாத இன்னிசை வெண்பா! எங்காவது தளை தட்டியிருக்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வீட்டுக்குப் போய் அசை பிரித்தேன். புளிமாங்காய், கூவிளங்காய், கூவிளங்காய், தேமா. அடுத்த அடியும் சரியாக இருந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. விடியற்காலை எழுந்து மறுபடி பிரித்தேன். பள்ளியில் ஓய்வு நேரத்தில் மறுபடியும் பிரித்தேன். ஒரு குறிலைக்கூட அசைக்க முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்ட புத்தி வந்தது. மணலூர்பேட்டையிலிருந்து கரும்பு கொண்டுவரும் டிராக்டர் டிரைவர் ஒருவர் எனக்குப் பழக்கம். வாட்டசாட்டமான ஆள், குரல் வெண்கலம் மாதிரி. வண்டி வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பார். வியாழனும் வெள்ளியும் அவர் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து என் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமை கடையில் எழுந்து சொல்ல வேண்டும் என்றேன்.

"இன்னா சார் இது, நாலு வரிதானே? ஊதித் தள்ளிடலாம் வுடுங்க" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு முறை பிசிறில்லாமல் சொல்லியும் காட்டினார். எனக்கு அப்போதே வடை வாசனை வந்துவிட்டது.

சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. பாய் பலகையைத் திருப்பினார். மற்றவர்கள் கை தூக்குவதற்கு முன்னால் டிரைவர் எழுந்தார். எடைமேடைக்காரன் ஓரத்து பெஞ்சில் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன், அது வாடுவதைக் காணவேண்டும் என்று.

"கொதிக்கின்ற நீரில் கொழுந்தினை இட்டு" என்று டிரைவர் ஆரம்பித்தார். கடை அமைதியானது. "மதிக்கின்ற பாலும் மருவத் துதிக்கும்..." மூச்சு வாங்கினார். "எடைபோட்டு வண்டி இறங்கினால் போதும், வடையோடு தேநீர் வரும்!"

தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஜெயித்துவிட்ட பெருமையில் என்னைப் பார்த்து வேறு தலையாட்டினார். கடை சிரிப்பில் அதிர்ந்தது. "பாதி வாத்தியாரு, பாதி எடைமேடை! வடையையும் புட்டுக் குடுங்க பாய்!" என்று ஒருவர் கத்தினார்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்து அவன் பாட்டைச் சொல்ல ஐந்தாறு கைகள் எழுந்தன, முதல் ஆளே தடுமாறாமல் முடித்துவிட்டார். பாய் கொடுத்த தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், நீங்க முதல்ல எடுத்துக்கணும்" என்றான். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில் என் மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எலவனாசூர்கோட்டைக்காரி, முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னாங்க, இன்னிக்கும் அவருதானா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் எழுதுனதெல்லாம் ஒரு பாட்டா? நீயே கேளு" என்று சமையற்கட்டு வாசலில் நின்று, கரும்பேற்றி வந்துநின்றோம் என்று தொடங்கி, வரும் என்பது வரை ஒரே மூச்சில் சொன்னேன். எங்கும் நிற்கவில்லை.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "செரி, உங்களுது சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். "கொதிக்கின்ற நீரில் கொழுந்தினை இட்டு, மதிக்கின்ற பாலும் மருவத் துதிக்கும்..."

அதற்கு மேல் வரவில்லை. நான் செய்த பாட்டு, மூன்று நாள் இழைத்த பாட்டு. ராஜா வருவார் என்று தெரிகிறது, எந்தச் சொல்லில் வருவார் என்று தெரியவில்லை. நாக்கு நுனியில் "எடைபோட்டு வண்டி" என்று வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினேன். பாயின் சட்டப்படி பார்த்தால், அந்தச் சனிக்கிழமை அவனுக்காகத் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, உதவி செய்வதாக, அடுப்பைப் பார்த்தபடியே அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"எடைபோட்டு வண்டி இறங்கினால் போதும். அதானேங்க?"

ஒரே ஒரு முறைதான் அவள் அதைக் கேட்டிருந்தாள்.