அருள்மொழி எழுதிய ‘இல்லை’

அருள்மொழிக்கு அந்த வேலை 2007 சித்திரையில் கிடைத்தது. விலங்கியல் பட்டம் வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு மெட்ரிக் பள்ளியிலும் ஒரு மருந்துக்கடையிலும் இருந்து பார்த்துவிட்டாள். மனச்சிதைவு நோய் சில குடும்பங்களில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, ரத்தத்தில் அதற்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று தேடும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று சென்னையிலிருந்து வந்து, சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் அலுவலகம் போட்டிருந்தது. ஊர் ஊராகப் போய் அப்படிப்பட்ட குடும்பங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். சம்மதித்தால் நோயாளிக்கும் பெற்றவர்களுக்கும் பத்து மில்லி ரத்தம் எடுத்து, ஊதா மூடி போட்ட குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

மினிபஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள், “என்ன மீனு?” என்பார்கள். முதல் வருடம் விளக்கம் சொன்னாள். அப்புறம், “வித்துப்போச்சு” என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

கேள்விகள் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. உங்கள் ரத்த உறவில் யாருக்காவது மனநோய் உண்டா என்பது பதினெட்டாவது. அதைக் கேட்டதும் வீடு அடங்கிவிடும். யாராவது எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க வூட்டுல அப்படில்லாம் யாரும் இல்ல” என்று வாசலில் நிற்பவர் பதில் சொல்வார். உள்ளே யாரோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பது வெளியே கேட்டுக்கொண்டிருக்கும். அருள்மொழி அவசரப்படுத்த மாட்டாள். அந்த நேரத்தில் ஒருவர் மனதில் என்ன ஓடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். பெயர் செந்தமிழ்செல்வன். சிதம்பரத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவன், இரண்டாம் வருடத்தில், சுவருக்குள்ளிருந்து பேராசிரியர்கள் தன்னைத் திட்டுவதாகச் சொல்லத் தொடங்கினான். குமராட்சிப் பக்கத்து ஊரில் அவர்கள் வீட்டின் பின்கட்டு அறையில்தான் அதற்கப்புறம் இருந்தான். அப்பா கோவிந்தசாமி, “பையன் திருப்பூர்ல வேலையா இருக்கான்” என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். புதுச்சேரியில் ஒரு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். நிறம் கிடையாது, ருசி கிடையாது. தினமும் ராத்திரிச் சோற்றில் ரசத்தோடு சேர்த்து அவனுக்குத் தெரியாமல் ஊற்றுவது அருள்மொழியின் பொறுப்பு. சத்தம் குறைந்தது. ஆனால் அவன் கைகால் விறைத்துப்போனது. வாயோரம் எச்சில் வடிந்தது. அதைக் காட்ட அவனை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. வெளியே வந்தால் ஊர் பார்க்கும்.

2008இல் கடலோரத்துக் கிள்ளை ஊரில் தங்கம்மாள் என்ற அம்மாவைப் பார்க்கப் போனாள். தங்கம்மாளின் மகன் சிங்காரத்துக்கு இருபத்தேழு வயது. கடலுக்குப் போவதை நிறுத்தி ஐந்து வருடம். வலைக் குவியலுக்குள் யாரோ ஒளிந்திருப்பதாகச் சொல்லி வலையை அறுத்துப் போட்டவன். தங்கம்மாள் காகிதக் கட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சுனாமி வந்தப்பவும் இப்படித்தான் பேப்பர எடுத்துக்கிட்டு வந்தாங்க. தூக்கம் வருதா, கனவு வருதான்னு கேட்டாங்க. எழுதிக்கிட்டுப் போனவங்க போனவங்கதான். இந்த ரத்தத்த எடுத்தா எம்புள்ளைக்கு சரியாயிடுமா?”

“ஆவாதும்மா. இது வேற ஆராய்ச்சி. இன்னும் இருவது வருசம் கழிச்சி யாருக்காவது ஒதவலாம். வைத்தியம் தனி. ரத்தம் குடுத்தாலும் குடுக்காட்டியும் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

தங்கம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “என் ரத்தம் எதுக்கு? கோளாறு எங்கிட்டேருந்து வந்ததுன்னு எழுதவா? எங்க வூட்டுக்காரரு சனங்க ஏற்கெனவே அதத்தான் சொல்றாங்க.”

“அப்படி எழுத மாட்டோம்மா.”

“ஒங்க வூட்டுல யாராச்சும் இப்படி இருக்காங்களா, பாப்பா?”

“இல்லம்மா.”

“அப்போ ஒனக்குக் கேக்கறது சுலபம்” என்றாள் தங்கம்மாள். ரத்தம் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு வந்தாள். அங்கே மனநலப் பிரிவில் டாக்டர் திருநாவுக்கரசு இருந்தார். திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பும் அவரிடம்தான். மாத்திரையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடத்தில் சிங்காரம் மெல்ல மெல்லத் தேறினான். கடலுக்குப் போகவில்லை, கரையில் மீன் கூடை தூக்கினான்.

2010 தை மாதம், நோயில்லாத குடும்பத்தினரின் ரத்தமும் வேண்டும், இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். ஆள் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் இருப்பவர்களே முதலில் கொடுப்பது என்று முடிவாயிற்று. படிவத்தை நிரப்பியவள் மாலதி, அங்கே ரத்தக் குழாய்களைப் பதிவுசெய்யும் டெக்னீஷியன். அவள் ஊர் திருவதிகை. அவளுடைய சித்தி மகனுக்குத்தான் அருள்மொழியின் தங்கை சிந்துஜாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பதினெட்டாவது. ரத்த உறவில் மனநோய்,” என்று மாலதி படித்துவிட்டுப் பேனாவோடு காத்திருந்தாள்.

“இல்ல. குடு, நானே எழுதுறேன்” என்று அருள்மொழி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் ரத்தத்துக்கு சி-43 என்று எண் ஒட்டினார்கள்.

அந்த வருடம் ஆடியில் டாக்டர் ஒரு சனிக்கிழமை அலுவலகத்துக்கு வந்தார். நோயில்லாதவர் பட்டியலை மேசைமேல் விரித்துவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொண்ணூறு பேர். ஒருத்தர் வீட்லகூட இல்லையாம். எனக்கு நம்பிக்கை வரல. இதுல பத்துப் பேர் மறைச்சிருந்தாலே நாம தேடுறது கலங்கிப்போயிடும். அருள்மொழி, நீங்கதான் பக்குவமாக் கேப்பீங்க. எல்லார்கிட்டயும் திரும்ப ஒருதரம் போயிட்டு வந்துடுங்க.”

அவள் பட்டியலை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து செருப்பை மாட்டினாள். தொண்ணூறு வீட்டுக்குப் போய், நிஜத்தைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனாள்.

“சார், சி-43 என்னோடது. அத எடுத்துடுங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் முதலில் கேட்டது, “யாருக்கு?”

“அண்ணனுக்கு. பதிமூணு வருசமா.”

“இப்ப எப்படி இருக்கார்?”

பதிமூன்று வருடத்தில் வெளியாள் ஒருவர் அதைக் கேட்பது முதல் தடவை. சொட்டு மருந்து, விறைப்பு, எச்சில் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள்.

“இதை நான் எழுதித்தான் ஆகணும். சென்னைக் கமிட்டிக்குப் போகும். கொஞ்ச நாள் நீங்க கேள்வி கேக்கற வேலைல இருக்க முடியாது. அது வேற. அண்ணனைப் புதன்கிழமை கூட்டிட்டு வாங்க. இது ஆராய்ச்சிக்கு இல்ல. அப்புறம் ஒண்ணு. சொட்டு மருந்து விஷயத்த அவர்கிட்ட நீங்களே சொல்லிடணும். தெரியாமக் குடுத்ததா இருக்கக் கூடாது.”

அன்றைக்குச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் சொன்னாள். செந்தமிழ்செல்வன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

“தெரியும். நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நீ எந்திரிக்க மாட்ட. என் கையையே பாத்துக்கிட்டு இருப்ப. வேற எதுக்கு அப்படிப் பாப்ப?”

“தெரிஞ்சா ஏன் சாப்புட்ட?”

“நீ பாத்துக்கிட்டு இருந்தியே.”

மூன்று மாதம் அவளைக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். சென்னையிலிருந்து ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அதைவிடப் பெரியது வீட்டில் நடந்தது. பத்து நாளில் திருவதிகையிலிருந்து ஒரு பெரியவர் வந்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லித் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆவணியில் நடக்க இருந்த கல்யாணம். மாலதி, “நான் வாயத் தொறக்கல அருளு, சத்தியமா” என்றாள். இருக்கலாம். சி-43 என்ற எண்ணை நீக்கிய காகிதம் எத்தனையோ கைகளுக்குப் போனது. அருள்மொழி விசாரிக்கவில்லை. அதற்குத் தெம்பில்லை.

சிந்துஜா ஒரே ஒரு தடவை கேட்டாள். “ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?”

“பொறுத்திருக்கலாம்” என்றாள் அருள்மொழி. “அப்புறம் அங்க போயி நீ பயந்துக்கிட்டே இருந்திருப்ப.”

“அது என் பயம். நான் பாத்துக்கிட்டிருப்பேன்.”

ஏழெட்டு மாதம் அக்காளும் தங்கையும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

டாக்டர் சொட்டு மருந்தை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார். விறைப்பு விட ஐந்து மாதம் ஆயிற்று. சுவருக்குள் சத்தம் முழுசாக நிற்கவில்லை. தூரத்தில் போய்விட்டது என்று அண்ணன் சொன்னான். பேப்பர் படிக்க ஆரம்பித்தான். ஒருநாள் அவளுடைய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, “இதுல என்னதான் தேடுறாங்க?” என்றான். அவள் சொன்னாள். நோயாளிக் குடும்பமாக நம் வீடு சேரலாம், உனக்கு இஷ்டம் இருந்தால், என்றும் சொன்னாள்.

அவன் நிதானமாகப் படித்தான். “தேடட்டும். தப்பில்ல. எனக்கு வேணாம். பதிமூணு வருசம் எல்லாத்தையும் என்னக் கேக்காமத்தான் செஞ்சீங்க. இது ஒண்ணையாவது கேட்டீங்களே. வேணாம்னு எழுதிக்க.”

எழுதிக்கொண்டாள்.

2011 கார்த்திகையில், அருள்மொழி மறுபடி ஊர்களுக்குப் போய்வந்துகொண்டிருந்த நேரம், தங்கம்மாள் தானாகவே ஆள் விட்டு, “வந்து எடுத்துக்கச் சொல்லு” என்றாள். மகனுக்கு நல்லானதற்கு அவள் அறிந்த மரியாதை அது. அவள் ரத்தமும் சிங்காரம் ரத்தமும் அறுபது குழாய்களோடு அலுவலகக் குளிர்பெட்டியில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தன. மார்கழியில் ‘தானே’ புயல் அடித்தது. கரண்டு போயிற்று. ரோடெல்லாம் மரம் விழுந்து மூன்று நாள் கழித்துத்தான் அருள்மொழியால் சிதம்பரம் வர முடிந்தது. தெரிந்த ஐஸ் கம்பெனிக்கெல்லாம் போனாள். அங்கேயும் கரண்டு இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. குளிர்பெட்டியைத் திறந்தபோது வாடை வந்தது. மாலதியும் அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு குழாயாக எடுத்து எண்ணைக் குறித்துக் கழிவுப் பையில் போட்டார்கள். அறுபத்திரண்டு.

தை பிறந்ததும் திரும்ப எல்லா வீட்டுக்கும் நடக்க வேண்டியதாயிற்று. பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். கிள்ளையில் தங்கம்மாள் கூரைக்குப் புதுக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தாள்.

“எடுத்தது என்னாச்சி?”

“கெட்டுப்போச்சிம்மா. கரண்டு இல்லாம. தப்பு எங்களோடது.”

தங்கம்மாள் கீற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அருள்மொழி ஐஸ் பெட்டியைத் திறக்கவில்லை.

“இன்னொண்ணும் சொல்லணும்மா. மொத தடவ வந்தப்ப எங்க வூட்டுல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன். எங்கண்ணன் இருக்காரு. உங்க புள்ள மாதிரிதான்.”

தங்கம்மாள் கையிலிருந்த கீற்றுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை.

“அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்” என்றாள் கடைசியில். “நாலு வருசத்தப் போக்கிட்ட.” பிறகு இடது கையை நீட்டினாள். “இதுல எடு. போன தடவ அந்தக் கையி ரெண்டு நாளு வலி.”

2012 ஆனியில் திட்டம் முடிந்தது. குழாய்கள் சென்னைக்குப் போயின. நான்கைந்து இடத்தில் ஏதோ தென்படுவது போல இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னும் ஆயிரக்கணக்கான பேரின் ரத்தம் வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் ஒரு அறிக்கை வந்தது. அருள்மொழி அதைத் தமிழில் எழுதி, நகலெடுத்து, போக முடிந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் மடித்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார்கள். சிந்துஜாவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் சொல்லிச் செய்த கல்யாணம். செந்தமிழ்செல்வன் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

வேலை போன அடுத்த புதன்கிழமை அண்ணனோடு கடலூருக்கு பஸ் ஏறினாள். மனநலப் பிரிவு வாசலில் கூட்டம். தெரிந்த நர்ஸ், “நீங்க ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க” என்றாள். பரவாயில்லை என்று சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியதும் அப்படியே தூங்கிப்போனாள். ஒன்றரை மணி நேரம் தூங்கியிருப்பாள். செந்தமிழ்செல்வன் அவள் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடும் எண்களைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவள் தோளைத் தொட்டான்.

“அருளு, எந்திரி. நம்ம நம்பரு வந்துடிச்சி.”