காதில் இருந்த பென்சில்

இரண்டு வருடங்களுக்கு முன், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கத்தில், எங்கள் வீட்டு முகப்பில் நடந்தது இது. காலைப் பூசைக்குப் போய்வந்து, இட்லி சாப்பிட்ட கையோடு, நானும் என் கணவரும் ஒரு மேசைப் பலகையை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

வீடு கட்டும்போது கார் நிறுத்த என்று விட்ட இடம் அது. காரும் வரவில்லை, ஒரு செடித்தொட்டி வைக்க எனக்கும் இடம் கிடைக்கவில்லை. அவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு வீட்டுக்கு வந்தால் மரம் வேண்டும். குவார்ட்டர்ஸில் இருந்தவரை அக்கம்பக்கத்துக்குப் பயந்து அடங்கிக் கிடந்தார். சொந்த வீடு வந்ததும் முகப்பு முழுக்கப் பட்டறை ஆகிவிட்டது. மரத்தூள் சாம்பார் வரைக்கும் வந்துவிட்டது என்று நான் கத்துவேன். அவர் வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னவோ பதில் சொல்வார்.

அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை என்று இறங்கிவிட்டால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார், எடுக்கவே மாட்டார். பேசினால் பாதி எழுத்து பென்சிலுக்கு, பாதி எழுத்து எனக்கு. “அதை எடுத்துட்டுப் பேசுங்களேன், வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க” என்று திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது. கடைசியில் அந்தக் குழறலும் எனக்குப் பழகிப்போனது. கண்ணால் பார்க்காமலே புரிந்துகொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன் என்று பெருமை வேறு.

மேசை எங்கள் மகளுக்கு. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு கழுத்து வலிக்குது, முதுகு வலிக்குது என்று ஒரே புலம்பல். கடையில் ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். மரத்தூளை அமுக்கி மேலே காகிதம் ஒட்டி விற்பதற்குப் பெயர் மேசையா என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு இடித்த இடத்திலிருந்து வந்த பழைய தேக்குப் பலகைகளைத் தேடிப் பிடித்து, ஆணி பிடுங்கி, இழைத்து, விளிம்போடு விளிம்பு வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருத்தி வைத்திருந்தார். அவற்றை ஒட்டி ஒரே பலகையாக்குவதுதான் அன்றைய வேலை.

ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். விளிம்புகளில் பசை தடவி, பலகைகளைச் சேர்த்து வைத்து, பசை காய்வதற்குள் இரும்புக் கிளாம்புகளைக் குறுக்கே போட்டு முடுக்க வேண்டும். அவர் ஒரு முனையில் நின்று பலகை மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வார். நான் குனிந்து கிளாம்பின் கைப்பிடியைத் திருகுவேன். அளவாக இறுக்கினால் பசை முத்து முத்தாக வெளியே வரும். அளவுக்கு மீறினால் பலகை நடுவில் வளைந்துவிடும். அதனால் நான் கைப்பிடியில் கை வைத்ததுமே அவருக்குப் பதற்றம் ஆரம்பித்துவிடும். போதும், மெதுவா, விடு, இரு என்று ஒரே நச்சரிப்பு.

அன்று காலை பூசையிலேயே தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று விட்டுவிட்டேன். பசை தடவி முடித்ததும் அது நினைவுக்கு வர, குனிந்தபடியே கேட்டேன்.

“தலைவலி இன்னும் இருக்கா?”

“இருக்கு” என்றார். வழக்கமான கொழகொழப்பு.

எனக்கு அது ‘இறுக்கு’ என்று கேட்டது. எழுதும்போதுதான் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான். கிளாம்பை முடுக்குகிற நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் கை என்ன செய்யும்? நான் திருகினேன்.

“இருக்கு... இருக்கு...” என்றார் மறுபடியும். நானும் மறுபடியும் இறுக்கினேன். இன்னுமா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டுதான். பசை வழிந்து என் விரலெல்லாம் வெள்ளையாகிவிட்டது. என் கண்ணெதிரே பலகை நடுவில் மெல்ல எழும்பியது.

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. பலகை வளைகிறது, இந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. ஒரு சுற்று கூடிப் போனாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர் சும்மா நிற்கிறார். நிமிர்ந்து பார்த்தேன்.

பென்சில் வாயில் இல்லை. காதில் சொருகியிருந்தது.

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை தொங்கியது. இடது கையால் மட்டும் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எத்தனை நிமிடமாக அந்த வாயில் பென்சில் இல்லையோ, தெரியாது.

நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மகள் ஓடி வந்தாள். எதிர் மனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே செங்கல் இறக்கிக்கொண்டிருந்த லோடு வண்டி ஓட்டுநரும் ஓடி வந்தார். அதற்கு முன் நான் பார்த்தறியாத முகம்.

“இன்னாக்கா ஆச்சு? அண்ணாத்தே ஒரு மாரி கீறாரே?”

மகள் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் தெரு முனையை ஒரு தரம் பார்த்தார்.

“மெயின் ரோடு ஜாம் ஆகிக் கீதும்மா. அது வந்து சேர்றதுக்குள்ள நாம போய்டலாம். சந்துல வுட்டா சீக்கிரம். ஏறுக்கா வண்டில.”

பாதிச் செங்கல் இன்னும் வண்டியில் இருந்தது. அதை இறக்குவதா என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. அவரும் மகளுமாகத் தாங்கி என் கணவரை முன்னிருக்கையில் ஏற்றினார்கள். நான் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, சாய்கிற தலையைத் தோளில் தாங்கிக்கொண்டேன். மகள் ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். வழியெல்லாம் அந்த மனிதர் என் கணவரிடம் பேசிக்கொண்டே ஓட்டினார். “அண்ணாத்தே, கண்ண மூடாத. தோ வந்துட்டோம். என்னாண்ட பேசிக்கினே வா” என்று விடாமல் சொன்னார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். பாதிக்கு மேல் மந்திரம் வரவில்லை, “மாதாவே, மாதாவே” என்று மட்டும்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் எப்போது ஆரம்பித்தது என்றுதான் முதலில் கேட்டார்கள். என்ன சொல்வேன்? பசை தடவும்போது என்றேன். அந்த டாக்டருக்கு என்ன புரியும் பாவம். பசை தடவி எவ்வளவு நேரம் ஆகிறது என்று பொறுமையாகக் கேட்டார். காய்கிற நேரத்துக்குள்தான் வந்திருக்கிறோம் என்றேன். என் கையைப் பார்த்தார். விரல்களில் அது இன்னும் ஈரமாக இருந்தது. அவர் உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்து வந்தது. அதை உரித்துக்கொண்டே அழுதேன். லோடு வண்டிக்காரர் கிளம்பும்போது என் காலைப் பார்த்தார். செருப்பு இல்லாமல் வந்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் காலடியில் தள்ளினார்.

“போட்டுக்கோக்கா, வெளிய கால் சுடும். எனக்கு வண்டி ஓட்ட செருப்பு தேவயில்ல.”

நான் அதில் காலை நுழைத்துக்கொண்டேன். பிறகு மகள் அதைக் கழுவி எடுத்துப்போய் எதிர் மனையில் அவரிடம் கொடுத்தபோது, செருப்பைக் கையில் வாங்கும் முன் அவர் கேட்டது ஒன்றுதானாம்: “அண்ணாத்தே பேசுறாரா?”

பேசினார். உடனே இல்லை. பக்கவாதம், நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், இல்லையென்றால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை என்று ஆனபிறகும் வெகு நாள் என் கணவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எந்தப் பேச்சை வாழ்நாளெல்லாம் நச்சரிப்பு என்று சொன்னேனோ, அதற்காகத் தவக்காலம் முழுக்க, சாம்பல் புதனிலிருந்து பாஸ்கா வரை அழுது மன்றாடினேன். மெல்ல மெல்லத்தான் வந்தது, மழலை மாதிரி. வலது கை இன்றும் முழுதாகச் சொன்னபடி கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்த அன்று முதலில் முகப்புக்குத்தான் போனார். கிளாம்புகள் கழற்றப்படாமல் அப்படியே கிடந்தன. பலகை வளைந்தபடியே காய்ந்து கல்லாகியிருந்தது. இடது கையால் அந்த மேட்டைத் தடவிப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் நின்றேன். “ஜாஸ்தி இறுக்கிட்ட” என்றார். அவ்வளவு தெளிவாக அதுவரை அவர் எதுவும் பேசியிருக்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அறுத்துத் திரும்ப ஒட்டலாம் என்று வந்த தச்சரை மகள் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்படியே கால் பூட்டி, அதில்தான் இன்று வேலை பார்க்கிறாள். பேனாவை வைத்தால் சுவர்ப் பக்கமாக உருண்டு ஓடும். என் கணவரும் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இடது கையால் எழுதிப் பழகுகிறார். பென்சிலை இப்போது வாயில் வைப்பதில்லை. நான்தான் விடவில்லை.

இன்றைக்கும் சமையலறையில் நின்றபடி ஏதாவது கேட்பேன், உள்ளேயிருந்து “இருக்கு” என்று குரல் வரும். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் போய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லை நம்புகிறேன்.