பிரேக் பிடிக்காத சைக்கிள்

பிரேக் வேலையில் என்னை அடித்துக்கொள்ள சுங்கை காடுட் பக்கத்தில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் காலையில் என் பட்டறை வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை கேட்காமல் ஏறிப் போவார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு தகரக் கொட்டகையில் ஒரு பம்பும் இரண்டு ஸ்பேனரும் வைத்துத் தொடங்கி, இன்றைக்கு மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதால் கேட்டே கோளாறைச் சொல்வேன். கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையன்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், யாரிடமும் இல்லை, ஒன்பது வயதிலேயே முதல் பிரேக்கைப் போட்டேன் என்பேன். அது உண்மைதான். மீதிக் கதையைச் சொன்னதில்லை. இந்த விடுமுறைக்கு என் பேத்தி வந்திருக்கிறாள். பட்டறையில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, யாருடைய சைக்கிள், ஏன் போட்டீங்க, அப்புறம் என்ன ஆச்சு என்று துளைக்கிறாள். அவளுக்குச் சொல்லும் முன் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்பா சிரம்பானில் ஒரு சீன முதலாளியின் சைக்கிள் கடையில் வேலை செய்தார். ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை வந்ததும் என்னை அம்மாவைப் பெற்றவர்களிடம் கொண்டுபோய் விட்டுவிடுவார். கோலா சாவாவைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ரப்பர்த் தோட்டம் அது. தாத்தா, பாட்டி இருவருமே பால் மரம் சீவினார்கள். கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், “எங்க தாத்தா தோட்டத்துக்குப் போறேன்” என்று சொல்வேன். தோட்டமே தாத்தாவுடையது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் பட்டது. நிறைந்த இரண்டு பால் வாளிகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் நடப்பார் தாத்தா. அப்படி நடப்பவருக்குத் தோட்டம் சொந்தமாக இல்லாமல் வேறு யாருக்குச் சொந்தமாக இருக்கும்?

எனக்கு ஒன்பது வயதான ஆண்டில்தான், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்ததும் தாத்தா என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்துக் கடைக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். எனக்கு ஒரு பன், அவருக்குப் புகையிலை. அந்த விடுமுறையின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, எதிரே தோட்ட நிர்வாகியான துரையின் ஜீப் வந்தது. தாத்தா சட்டென்று இறங்கினார். என்னையும் தூக்கி இறக்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, புல்லோரமாகச் சைக்கிளோடு நின்றார். ஜீப் போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் துண்டு தலைக்கு ஏறியது.

துரை வண்டி வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் அது. தொழிற்சங்கம் வந்த பிறகு அதெல்லாம் போய்விட்டது என்பார்கள். பல தோட்டங்களில் போயிருக்கலாம். அந்தத் தோட்டத்தில் போகவில்லை. டவுனில் வளர்ந்த எனக்கு இது தெரியாது.

“ஏன் தாத்தா எறங்கினீங்க?”

தாத்தா என்னை மறுபடி கம்பியில் ஏற்றி மிதித்தார். பிறகு, “பிரேக்கு சரியா புடிக்கல தாயி. பெரிய வண்டி வந்தா ஆபத்து” என்றார்.

அடுத்த நாள் விறகு லாரி வந்தது. ஜீப்பைவிட இரண்டு மடங்கு பெரியது. தாத்தா இறங்கவில்லை.

“இப்ப எறங்கலியே?”

“அது ஓட்டுறது நம்ம பையன்லா. அவனே ஒதுங்கிக்குவான்.”

எனக்கு இது முழுக்க நியாயமாகத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் ஜீப் வந்தபோது தாத்தா மறுபடி இறங்கி, மறுபடி துண்டை அவிழ்த்தார். பிரேக்குக்கும் துண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்குப் பிரேக்கைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அப்பா கடையில் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இந்த வேலை எனக்காகவே காத்திருக்கிறது என்று தோன்றிவிட்டது.

பாட்டியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் முறத்தில் பாதி கீழே போயிற்று.

“அந்தப் பிரேக்கு நான் கல்யாணங்கட்டி வந்த நாள்லேருந்து புடிக்கல. நீ சரிபண்ணப் போறியா? போ போ, பெரிய மெக்கானிக்கு!”

பிறகு சிரிப்பை நிறுத்தி, “வேணாண்டி. இருக்கிறபடியே இருக்கட்டும்” என்றார். அந்த இரண்டாவது பேச்சு என் காதில் ஏறவில்லை.

விறகு லாரி ஓட்டும் மாமாவிடம் ஸ்பேனர் வாங்கினேன். பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன். பாதிதான் தேய்ந்திருந்தன. இன்றைக்கு ஒருவர் அதைக் கொண்டுவந்து காட்டினால், இன்னும் ஆறு மாதம் ஓடும் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு நான் பழைய லாரி டயரில் நாலு துண்டு வெட்டி, தரையில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டு சக்கரத்துக்கும் போட்டு முடுக்கினேன். விரல் கிழிந்தது. வேலை முடிந்து பிடித்துப் பார்த்தபோது சக்கரம் ஆணி அடித்ததுபோல் நின்றது.

தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பிரேக்கை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். என் விரலைப் பார்த்தார்.

“நல்லா புடிக்குதே தாயி” என்றார். அவ்வளவுதான். தூக்கித் தட்டாமாலை சுற்றுவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் ஜீப் வந்தது. துரைக்குப் பக்கத்தில் எங்கள் மேற்பார்வையாளரான தண்டல் உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் வேகம் குறைந்தது. ஒரு கால் பெடலை விட்டுத் தரைக்கு இறங்கியது.

நான் தோட்டத்துக்கே கேட்கும்படி கத்தினேன். “எறங்காதீங்க தாத்தா! நான்தான் பிரேக்கு போட்டுட்டேனே! நல்லா புடிக்கும்!”

என் முதுகு அவர் நெஞ்சில் சாய்ந்திருந்தது. உள்ளே திம்திம் என்று அடித்தது எனக்குக் கேட்டது. தரையைத் தொட்ட கால் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு மேலே ஏறிப் பெடலை மிதித்தது. துண்டு தலையிலேயே இருக்க, நாங்கள் ஜீப்பைக் கடந்து போனோம். நான் துரைக்குக் கையாட்டினேன். பின்னால் ஜீப் நிற்கிற சத்தம் கேட்டது.

“திரும்பிப் பாக்காத” என்றார் தாத்தா. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை.

அவர் இறங்கியிருக்கலாம். இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை தாயி என்று மற்றொரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்; ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டையை மாற்றியும் போட்டிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். முதல் பொய் அவர் தனக்காகச் சொன்னது. இரண்டாவதைச் சொன்னால் என் வேலை கெட்ட வேலை என்று ஆகிவிடும். எனக்கு எட்டிய காரணம் இதுதான். என்னைவிடப் படித்தவர்களுக்கு வேறு தோன்றலாம்.

சாயங்காலம் தண்டல் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“என்னா பெரியவரே, இத்தனை வருசத்துக்கு அப்புறம் கண்ணு தெரியலியா? யார் அந்த ஆளுன்னு தொரை கேக்குறாரு. நான் என்னான்னு சொல்ல?”

தாத்தா எழுந்து நின்றார். “பேத்தி முன்னால உக்காந்திருந்துச்சுங்க” என்றார்.

தண்டல் என்னைப் பார்த்தார். “நாளையிலேருந்து மலைக்காட்டுல மரஞ்சீவப் போங்க. தொரை உத்தரவு. என்னைக் கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னவென்று பாட்டியைக் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒங்க தாத்தாவுக்கு மலைய குடுத்திட்டாங்கடி.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயப்படாமல் சைக்கிள் ஓட்டியதைத் துரையே பார்த்துவிட்டு மலையைக் கொடுத்திருக்கிறார்! அதற்குப் பிறகு தாத்தா வீட்டுக்கு வர நேரமாயிற்று. வந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார். பாட்டி முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பார். மலை வைத்திருப்பவருக்கு வேலை அதிகம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். “எனக்கும் ஒங்க மலைய காட்டுங்க தாத்தா” என்று தினமும் நச்சரித்தேன். பாட்டி ஒருமுறை எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

விடுமுறை முடிந்தது. பஸ் நிற்கும் இடம் வரை தாத்தா என்னைக் கொண்டுவந்து விட்டார். என் துணிப்பை கேரியரில் இருந்தது, நான் கம்பியில் இருந்தேன், அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஏறி மிதிக்கவில்லை. ஒரு காலை லேசாக இழுத்து நடந்தார். ஊருக்குப் போனதும் யார் யாரிடம் மலையைப் பற்றிச் சொல்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பாதி வழியில்தான் கேட்டேன்.

“ஏன் தாத்தா தள்ளிக்கிட்டே வரீங்க? ஏறி ஓட்டுங்களேன்.”

தாத்தா நின்று மூச்சு வாங்கினார். என் தலையில் கை வைத்தார்.

“நீ போட்ட பிரேக்கு ரொம்ப நல்லா புடிக்குது தாயி. அதான்.”

என் தொழிலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பஸ்ஸில் சிரம்பான் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.