உப்புக்குள் புதைத்த டிக்‌ஷனரி

மகளின் பள்ளியிலிருந்து போன். தோழியின் டிக்‌ஷனரியை ஒளித்துவைத்தது அவள்தானாம், இன்னும் எடுத்துத் தரவில்லையாம்.

மரக்காணத்தில் படித்த காலத்தில் நானும் அதைச் செய்தவள். ‘அஃபெக்ட்’டுக்கும் ‘எஃபெக்ட்’டுக்கும் என்ன வித்தியாசம் என்று டீச்சர் கேட்டார். நான் விழித்தேன். என் வகுப்புத் தோழி மேரி பட்டென்று சொல்லி, டிக்‌ஷனரியைப் பரிசாக வாங்கினாள்.

“இதுகூடத் தெரியாதாடி உனக்கு?” என்று சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அன்று மாலையே அதைத் திருடி, எங்கள் உப்பளத்தில் உப்புக் குவியலுக்குள் புதைத்து, ஓலையால் மூடினேன். உப்பு நீர்விடும் என்பது அளத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் மறந்துபோனேன். சில நாள் கழித்து வெளியே எடுத்து அவளிடம் கொடுத்தபோது பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன.

மேரி அழவில்லை. பிரிக்க முடிந்த பக்கங்களை உட்கார்ந்து படித்தாள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மகள் வீட்டுக்குள் வந்தாள்.

“எங்கடி வெச்ச? ஈரமான எடமா?” என்றுதான் முதலில் கேட்டேன்.